சிகாகோ பதிமூன்று இன்ச்

பூமியின் இடுப்பளவு தெரிந்த ஒரே டெய்லர் இந்த உலகத்திலேயே எங்கள் பெங்களூர் மர்பி டவுனில்தான் இருந்தார். முப்பத்தேழே முக்கால் இன்ச். லூசோடு முப்பத்தெட்டு.

சந்தேகப்படுகிறவர்கள் கடைக்குப் போய்க் கேட்கலாம். ஆனால் கேட்டுவிட்டு உடனே கிளம்ப முடியாது. கத்தரிக்கோலைக் கீழே வைப்பார். கழுத்தில் தொங்கும் டேப்பை உருவுவார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கும் குளோபின் வயிற்றைச் சுற்றி அளந்து காட்டுவார். "பாத்துக்கோ. இதுல ஒரு இன்ச்னா ஆயிரத்து அறுபது கிலோமீட்டரு. ப்ளேன்ல ஒரு மணி பத்து நிமிஷம். இதுக்கு மேல உலகத்துல தெரிஞ்சிக்க இன்னா இருக்குது?" என்பார். அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தான். எங்களுக்கு அவர் குளோப் மாஸ்டர்.

அந்தக் குளோப் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்தது. அங்கே ஒரு பங்களாவைக் காலி செய்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய குடும்பத்துக்கு மாஸ்டர் பத்து வருஷம் துணி தைத்துக் கொடுத்திருந்தார். கிளம்புவதற்கு இரண்டு நாளுக்கு முன்னால், "உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கோங்க மாஸ்டர்" என்றார்களாம். சோபா இருந்தது. கட்டில் இருந்தது. ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. டெய்லர் கடைக்கு ஆளுயரக் கண்ணாடி கிடைத்தால் யாராவது விடுவார்களா? மாஸ்டர் குளோபைத் தூக்கி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மனமிறங்கி, "சாப்பாடு போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "இரு, அவுங்க இப்பத்தான் சிட்னியில இறங்கறாங்க" என்று மாஸ்டர் குளோபைத் திருப்பியிருக்கிறார். மறுபடி நாலு நாள் பேச்சில்லை.

குளோபில் பெங்களூர் இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசி குத்தியிருக்கும். டேப்பின் நுனியை அதில் மாட்டி, போக வேண்டிய ஊர் வரைக்கும் விறைப்பாக இழுத்துப் பிடிப்பார். அவ்வளவுதான், தூரமும் நேரமும் வந்துவிடும். கடைசியில் தூரத்துக்குத் தகுந்தபடி கொஞ்ச நேரம் சேர்த்துக்கொள்வார். "உடம்புக்கு ரெண்டு இன்ச் லூஸ் வெக்கறோம் இல்ல, அது மாதிரி ப்ளேனுக்கும் லூஸ் வெக்கணும். டைட்டா தெச்சா எதுவா இருந்தாலும் பிரியும்" என்பது அவர் கொள்கை. சோவியத் யூனியன் உடைந்து சில்லு சில்லாகப் போனபோது, குளோபை மாற்றச் சொல்லித் தெருவே வற்புறுத்தியது. "நாடு உடையும்பா. தூரம் உடையுமா?" என்று கேட்டு எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டார்.

இந்த வித்தையால் தெருவில் வந்த கலகம் கொஞ்சநஞ்சமல்ல. எதிர்வீட்டு சரோஜா அக்கா பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில், தங்கச்சி துபாய்க்கு வேலைக்குப் போகிறாள் என்று வாயை விட்டார். பிளவுஸ் அளவு அப்படியே நின்றது. "துபாய் ரெண்டரை இன்ச்மா. மூணு மணி நேரம்! நீ இதோ இருக்கற ஆனேக்கல்ல உங்க மாமியார் வீட்டுக்குப் போய் வர்ற நேரம்கூட இல்ல" என்று மாஸ்டர் சந்தோஷமாக அறிவித்தார். விஷயம் எந்த பஸ் பிடித்துப் போனதோ, மறுநாளே ஆனேக்கல் மாமியார் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். "துபாயே மூணு மணி நேரம்தானாம். உனுக்கு என்னெப் பாக்க வர்றதுக்குத்தான் ஆறு மாசம் ஆவுதா?" என்று கேட்டபடி ஒரு மாதம் தங்கினார். சரோஜா அக்கா அதற்கப்புறம் மாஸ்டரிடம் எந்த ஊர்ப் பெயரையும் சொல்வதில்லை. சேலம் சேலையைக்கூட 'இந்தச் சேலை' என்றுதான் சொல்வார்.

அப்போதெல்லாம் விமான நிலையம் எங்களுக்குப் பக்கத்திலேயே, ஏர்போர்ட் ரோட்டில் இருந்தது. விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் தாழப் பறக்கும். சத்தம் கேட்டால் போதும், மாஸ்டர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து விடுவார். "டெல்லி. ரெண்டு நிமிஷம் சீக்கிரம். காத்து நல்லா தள்ளியிருக்குது" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு உள்ளே போவார். நான் பி.காம் முடித்து முதல் இன்டர்வியூவுக்குப் போக பேண்ட் தைக்கக் கொடுத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து டெல்லி ப்ளேன் இருபது நிமிடம் லேட். வருமா வருமா என்று வானத்தைப் பார்த்தபடியே மாஸ்டர் துணியை வெட்டியதில், என் இடது கால் மட்டும் ஒன்றேகால் இன்ச் குட்டையாகிவிட்டது. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் பேண்ட்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

மாஸ்டரை எங்கள் தெருவில் அடியோடு நம்பாத ஒரே ஆள் என் அப்பா. தொழிற்சாலையில் ஃபிட்டர் அவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிடுகிற ஆள். 'லூஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உடம்பு எரியும். ஒருநாள், அமெரிக்காவுக்கு ப்ளேன் எந்தப் பக்கமாகப் போகும் என்று இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

"மேப்ல பாரு மாஸ்டரு. அமெரிக்கா மேக்கால இருக்குது. ஆப்பிரிக்கா மேல போயி, கடலைத் தாண்டுவான்."

"சொவத்துல மாட்டற மேப்பு, துணியை விரிச்சிப் போட்ட மாதிரிண்ணா. ஒடம்புல போட்டாத்தான் அளவு தெரியும். இங்க பாருங்க. பெங்களூருக்கும் சிகாகோவுக்கும் டேப்பை இழுத்துப் புடிக்கறேன். எது வழியா போவுது? ரஷ்யா மேல ஏறி, பனியெல்லாம் தாண்டி, கனடா பக்கம் இறங்குது. பதிமூணு இன்ச். நீங்க சொல்ற மாதிரி ஆப்பிரிக்கா வழியா போவணும்னா டேப்பு தொளதொளன்னு தொங்கணும்."

"அமெரிக்காவுக்கு வடக்கால போறதா! ஒரு ஊசிக்கு நூல் கோக்கறவன் எனக்கு உலகத்தைச் சொல்லித் தர்றான்" என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து அப்பாவின் சட்டைகள் அல்சூரில் வேறு டெய்லரிடம் போயின.

இப்படிப்பட்ட அப்பாவுக்கு வாய்த்த மாப்பிள்ளை எங்கே இருந்தார் என்கிறீர்கள்? சிகாகோவில்!

இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் உலகத்து கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்து, அமெரிக்கா நம்ம பையன்களை வாரி அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. கோலார் தங்கவயலைச் சேர்ந்த குணா அப்படிப் போனவர். அப்பா இல்லாத அவரை வளர்த்தது சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா. அவர் ஒருநாள் வந்து என் அக்கா மலரைப் பார்த்தார், போட்டோவை சிகாகோவுக்கு அனுப்பினார், கல்யாணம் முடிவாகிவிட்டது. தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். விட்டால் மாப்பிள்ளைக்கு மறுபடி லீவு கிடைப்பது ஒன்றரை வருஷம் கழித்துத்தான்.

ரிசப்ஷன் கோட்டை குளோப் மாஸ்டர்தான் தைக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் மாஸ்டர் கட்சி. அளவு கேட்டு மாஸ்டரே சிகாகோவுக்கு போனில் பேசினார். மாப்பிள்ளை ஆபீசில் இருந்தார். கைவசம் டேப் இல்லை. "டேப் இல்லன்னா இன்னா மாப்ளே, பக்கத்துல பேப்பர் இருக்குமே? அதை நீட்டு வாக்குல வெச்சி ஒடம்பைச் சுத்தி அளங்க. எத்தினி பேப்பர்னு சொல்லுங்க, போதும்" என்று மாஸ்டர் சமாளித்தார். மார்பு மூணரைப் பேப்பர் என்று பதில் வந்தது. மாஸ்டர் ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு தாளை அளந்து பார்த்தார். பதினொன்றே முக்கால் இன்ச். பெருக்கினார், லூஸ் சேர்த்தார், அமெரிக்காவில் வெண்ணெய் நிறையச் சாப்பிடுவார்கள் என்று அதற்கும் இரண்டு இன்ச் சேர்த்தார்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு குணாவிடமிருந்து அவசரமாக ஒரு போன். அப்பா எடுத்தார்.

"மாமா, இங்க வேலை முடியல. டிக்கெட்டை மாத்திட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு ப்ளேன். ஜெர்மனியில ஒரு தடவை, பம்பாயில ஒரு தடவை மாறணும். மொத்தம் இருபத்து நாலு மணி நேரம். கவலைப்படாதீங்க, முகூர்த்தத்துக்குக் கரெக்டா வந்துடுவேன்."

லைன் கட் ஆகிவிட்டது. அப்பா பென்சிலை எடுத்து காலண்டரில் எழுதினார். வெள்ளி ஏழரை, கூட்டல் இருபத்து நாலு, சனி ஏழரை. "முகூர்த்தம் இன்னா முகூர்த்தம், ரிசப்ஷனுக்கே வந்து நிக்கறாரு! பம்பாயில இருந்து ஏழரைக்கு வந்து இறங்கற ப்ளேனும் ஒண்ணு இருக்குது" என்று தொடையைத் தட்டினார். மில்லிமீட்டர் பிசகாத அப்பா போட்ட கணக்கை யார் சரிபார்ப்பது?

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாஸ்டர் கோட்டைக் கொடுக்க சத்திரத்துக்கு வந்தார். பந்தல்காரர்கள் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோலார் பெரியப்பா சொந்தக்காரர்களோடு வேனில் வந்து இறங்கியிருந்தார்.

"மாப்ளே எப்போ வர்றாரு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"சாயங்காலம் ஏழரைக்கு. நேத்து சாயங்காலம் ஏழரைக்கு ஏறினாரு. ஜெர்மனியிலயும் பம்பாயிலயும் மாறி இருபத்து நாலு மணி நேரம்" என்றார் அப்பா பெருமையாக.

மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "நேத்து ஏழரையா? எந்த ஊர் ஏழரைண்ணா?"

"ஏழரைன்னா ஏழரைதான். ஊருக்கு ஒரு ஏழரையா இருக்குது?"

"ஐயோ, இருக்குதுண்ணா!" என்று கத்தியவர், கோட்டை என் தோளில் போட்டுவிட்டு சைக்கிளில் பறந்தார். பத்தே நிமிடத்தில் குளோபோடு திரும்பினார். சமையல் அறையில் தொங்கிய குண்டு பல்புக்கு நேராக அதைப் பிடித்தார். "பாருங்க, பெங்களூர்ல வெளிச்சம் அடிக்குது. சிகாகோ பின்பக்கம், இருட்டுல கெடக்குது. அவுங்களுக்கு நேத்து சாயங்காலம் ஏழரை ஆவும்போது நமக்கு இன்னிக்குக் காலையில ஏழு மணி. அவுரு ஏறியே நாலு மணி நேரம்தான் ஆச்சு! இருபத்து நாலு கூட்டுங்க. நாளைக்குக் காலையில ஏழு. பம்பாயில விடிகாலை ப்ளேன் புடிச்சி வந்தா ஏழரை. லூசோட எட்டு."

முதலில் சிரித்தவர் அப்பா.

"அமெரிக்காவுக்கு வடக்கால போறவன்தானே நீ? போய்யா, போயி பட்டனைத் தெய்யி."

கோலார் பெரியப்பாவும் சேர்ந்துகொண்டார். "நான் முப்பது வருஷம் பூமிக்கு உள்ள இறங்கி ஏறினவன் மாஸ்டரு. கீழே போற கணக்கு இன்னும் மனசுல இருக்குது. இந்த மேலே போற கணக்கெல்லாம் எனக்கு வாணாம். மாப்பிள்ளை வர்றான், அவ்ளோதான்."

அறைக் கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். தலையில் பாதி பூ வைத்திருந்தது. "மாஸ்டர், நிஜமாவா?" என்றாள்.

"நிஜம்தான் மலரு. ஆனா முகூர்த்தத்துக்கு வந்துடுவாரு. நான் அளந்துட்டேன்" என்றார் மாஸ்டர். அக்கா மீதிப் பூவை வைக்கச் சொன்னாள்.

சாயங்காலம் ஆறரைக்கே கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் ஆளுயர ரோஜா மாலையோடு ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். எட்டு மணி தாண்டி அதே மாலையோடு திரும்பி வந்தார்கள். அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. நேராகப் போய் செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சத்திரத்தில் சலசலப்பு கிளம்பியது. "பையன் வரலியாம்", "அங்கயே யாரையோ கட்டிக்கினானாம்", "வெள்ளைக்காரியாம்" என்று வரிசைக்கு வரிசை கதை வளர்ந்து, பந்தி முடிவதற்குள் குணாவுக்கு அங்கே இரண்டு குழந்தைகளே பிறந்துவிட்டன. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு, "என் பையன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாஸ்டர் மேடையில் ஏறினார்.

இரண்டு சிம்மாசன நாற்காலிகளில் மாப்பிள்ளையுடையதில் கோட்டை ஹேங்கரோடு மாட்டினார். பக்கத்தில் குளோபை வைத்தார். பாட்டுக்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்க! மாப்ளே ஓடிப் போகல, பறந்து வந்துக்கினு இருக்காரு. மணி எட்டேகால். ஜெர்மனியை விட்டுக் கிளம்பி ரெண்டே முக்கா மணி நேரம் ஆச்சு. இப்போ கருங்கடலைத் தாண்டறாரு. பொண்ணுக்கும் மாப்ளேக்கும் நடுவுல பாக்கி இருக்கறது அஞ்சு இன்ச்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அறையிலிருந்து அக்கா வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக மேடை ஏறி, கோட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாஸ்டர், அஞ்சு இன்ச்தானே?" என்றாள். "லூசே இல்லாம அஞ்சு" என்றார் அவர்.

அவ்வளவுதான், ரிசப்ஷன் களைகட்டிவிட்டது! பரிசு கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்று முதலில் குளோபைப் பார்த்தார்கள். "மாஸ்டர், இப்போ எங்க?" "துருக்கி." "இப்போ?" "துருக்கி முடியற எடம். ஜன்னல்ல குனிஞ்சிப் பாத்தா மலை தெரியும்." கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் வெளியே நின்ற ஆட்டோக்காரர்கள்கூட உள்ளே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பது மணிக்கு ஈரான் எல்லை, நாலே கால் இன்ச் என்று அறிவித்தபோது கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. போட்டோக்காரரும் தன் கடமையைச் செய்தார். எங்கள் வீட்டு ஆல்பத்தில் இன்றைக்கும் பன்னிரண்டு பக்கம் அக்காவும் ஒரு கோட்டும்தான். கோட்டின் கையைப் பிடித்துக் குலுக்கியவர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே நானும் மாஸ்டரும் வாடகை அம்பாசடர் ஒன்றோடு ஏர்போர்ட்டில் நின்றோம். மாஸ்டர் கையில் மாப்பிள்ளைக்கான பட்டு வேட்டி சட்டையும் கோட்டும். கோட்டை எதற்கு எடுத்து வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. ஏழரை ஆயிற்று. வானத்தில் ஒன்றுமில்லை. ஏழே முக்கால். முகூர்த்தம் தொடங்கிவிட்டது, அங்கே ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அப்பா ஐயரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மாஸ்டர் டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். உதடு மட்டும், "லூஸ் வெச்சிருக்கேன், லூஸ் வெச்சிருக்கேன்" என்று முணுமுணுத்தது.

எட்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சத்தம் கேட்டது.

"பம்பாய்!" என்று மாஸ்டர் துள்ளியதில் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் பயந்து விலகினார்.

எட்டேகாலுக்கு குணா ஓடி வந்தார். ஸ்வெட்டர், ஜீன்ஸ், நாலு நாள் தாடி, தோளில் ஒரு பை. பெட்டி வந்து சேரவில்லை. "நீங்கதானா குளோப் மாஸ்டர்? முகூர்த்தம் இருக்குதா, போயிடுச்சா?" என்று மூச்சு வாங்கினார்.

"இருபத்தஞ்சு நிமிஷம் ஓட்டற வழி, நாப்பத்தஞ்சு நிமிஷம் கையில இருக்குது. இங்கயே துணி மாத்திக்கோ மாப்ளே. அங்க போயி மாத்தறதுக்கெல்லாம் நேரம் இல்ல."

"இங்கயா? நடு ரோட்டுலயா?"

மாஸ்டர் கோட்டை விரித்து அவர் மேல் போர்த்தினார். அப்போதுதான் அந்தக் கோட்டின் முழு விஸ்தீரணத்தை நான் பார்த்தேன். குணா அதற்குள் காணாமல் போய்விட்டார். உள்ளே நின்றுகொண்டே ஸ்வெட்டரைக் கழற்றினார், ஜீன்ஸைக் கழற்றினார், வேட்டி கட்டினார், சட்டையும் போட்டார். வெளியில் ஒரு கால்விரல்கூடத் தெரியவில்லை. தலையை மட்டும் நீட்டி, "மாஸ்டர், இது எனக்குத் தெச்சதா, இல்ல எங்க ஆபீசுக்கே தெச்சதா?" என்று கேட்டார்.

"நீங்க சொன்ன அளவுதான். மூணரைப் பேப்பரு. பேப்பரு பதினொண்ணே முக்கா இன்ச்."

"மாஸ்டர், அமெரிக்காவுல பேப்பர் பதினோரு இன்ச்தான். அங்க சைஸே வேற!"

மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். உலகத்தையே அளந்தவருக்கு ஒரு பேப்பர் கணக்குத் தப்பிவிட்டது. நான்தான் அவரைப் பிடித்து காருக்குள் தள்ளினேன்.

ஏர்போர்ட் ரோட்டைத் தாண்டி அல்சூர் வரைக்கும் டிரைவர் பறந்தார். எங்கள் தெருமுனையில், சத்திரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றிருந்தது. பின்னால் போகவும் வழியில்லை. மணி எட்டு நாற்பத்தாறு.

மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு, லாரியைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லிக் கன்னடமும் தமிழுமாகக் கத்தினார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, குரு! பதிமூணரை இன்ச் வந்தாச்சு, டேப்புல காட்டவே முடியாத தூரத்துல மாட்டிக்கினோமே!"

லாரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் முந்தின நாள் ஸ்கோர் கேட்ட ஆட்டோக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. "மாப்ளே வந்துட்டான்டா!" என்று நாலு பேர் ஓடி வந்தார்கள். குணாவைக் கோட்டோடு சேர்த்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். லாரியைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். நாதஸ்வரக்காரர் அந்த ஊர்வலத்தைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். எட்டு ஐம்பத்திரண்டுக்கு அக்கா கழுத்தில் தாலி ஏறியது.

மாஸ்டர் தூணில் சாய்ந்தபடி மணியைப் பார்த்தார். "எட்டு நிமிஷம் லூஸ்" என்றார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அப்பா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். "நாளைக்குக் கடைக்கு வர்றேன். எனக்கு ரெண்டு சட்டை வேணும். கொஞ்சம் லூசாவே தெச்சிடு" என்றார்.

அக்கா சிகாகோ போன பிறகு அம்மாவுக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. தைக்க எதுவும் இல்லாவிட்டாலும் மாஸ்டர் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். மாஸ்டர் டேப்பைக் குண்டூசியில் மாட்டி இழுத்துக் காட்டுவார். "பதிமூணு இன்ச்தான்மா. முழுக்கை சட்டையில பாதிக் கை தூரம். இதுக்கா அழுவறீங்க?" அம்மா தன் கையை முழங்கையிலிருந்து விரித்துப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். ஒருமுறை அக்கா போட்டோ அனுப்பினாள். கொட்டுகிற பனியில் குணா மாமா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கனகச்சிதம். மாஸ்டர் அதைக் கடையில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம், "குளிருக்குன்னே வெச்ச லூஸ்" என்று கூசாமல் சொன்னார்.

மூன்று வருஷம் கழித்து கைக்குழந்தையோடு வந்த அக்கா, மாஸ்டரைக் கையோடு சிகாகோவுக்கு அழைத்துப் போவதாக ஒரே பிடிவாதம். ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும், டிக்கெட் நாங்கள் எடுக்கிறோம் என்று குணா மாமாவும் சொன்னார். உலகத்து விமானங்களுக்கெல்லாம் நேரம் சொன்ன மனிதர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. நாங்கள் எல்லாரும் கடையில் கூடி நின்று, அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தோம்.

மாஸ்டர் குண்டூசியைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். "வாணாம் மலரு. நானும் அங்க வந்துட்டா, இங்க டேப்போட நுனியை யாரு புடிச்சிக்கறது?" என்றார்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தோம். அக்கா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்ததும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிற்பாடு எங்கள் தெருவிலிருந்து எத்தனையோ பேர் துபாய்க்கும் லண்டனுக்கும் சிகாகோவுக்கும் போனோம். ஏறுவதற்கு முன்னால் அந்தக் கடைக்குப் போய், எத்தனை இன்ச் என்று கேட்காமல் போனவர் ஒருவர்கூட இல்லை. நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு மர்பி டவுனில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நாங்கள் எல்லாரும் விமானம் ஏறினோம்.